மலையகப் பாடசாலையும் நூதனசாலையும்: சித்திரப் பாடத்துக்கு ஒரு வருடத் தொடர்பை எப்படி அமைப்பது?

வெண்கட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலை. தரம் 9இல் சித்திரம் எடுத்த பிள்ளைகள் 36 பேர். கண்டித் தேசிய நூதனசாலையோடு ஒரு வருடத்துக்கு ஒழுங்கான தொடர்பு வைக்கலாமா என்று பார்க்கிறோம். பஸ் பிடித்துப் போய் எல்லாக் கூடத்தையும் ஓடிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துத் திரும்பும் சுற்றுலா வேண்டாம். பிள்ளைகள் ஒரு கலைப்பொருளைப் பார்க்கப் பழக வேண்டும். பார்த்தது அவர்களுடைய கோட்டிலும் வண்ணத்திலும் தெரிய வேண்டும்.

கேள்விகள் நான்கு. எத்தனை பொருட்களைக் காட்டுவது? தமிழில் விளக்க ஆளில்லாவிட்டால் என்ன செய்வது? நூதனசாலைக்கு என்ன எழுதுவது? ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு இருக்கிறது, மற்ற மாதங்களில் என்ன செய்வது?

தூரிகைக்காடு எழுதியது:

டீச்சர், முதற் கேள்விக்கு மூன்று என்று பதில் சொல்கிறேன். அதிகபட்சம் ஐந்து. அதற்கு மேல் போனால் பிள்ளைகள் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைக் கோப்பியில் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இதற்குப் பெரிய அளவில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் 2011 நவம்பரில் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலைக்கூடம் திறந்தது. பயணத்துக்கு விண்ணப்பித்த பாடசாலைகள் மிக அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் தெரிவு செய்தார்கள். போன பிள்ளைகளையும் அந்த முறை போகாத பிள்ளைகளையும் ஒப்பிட முடிந்தது அதனால்தான். 123 பாடசாலைகள், ஏறத்தாழ 11,000 மாணவர். ஒரு மணித்தியாலச் சுற்றில் அவர்கள் பார்த்தது சுமார் ஐந்து ஓவியம் மட்டும். பிறகு முன்பின் பார்க்காத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, போன பிள்ளைகள் கூடுதலாகக் கவனித்தார்கள், கூடுதலாகக் காரணம் சொன்னார்கள். நாட்டுப்புறப் பாடசாலைகளிலும் வறிய பாடசாலைகளிலும் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. நம் தோட்டப் பாடசாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம். ஈஸ்ட்மன் ஜோன்சனின் ஓர் ஓவியத்தில் மேப்பிள் மரப்பால் காய்ச்சும் காட்சி வருகிறது. அடிமை உழைப்பில் வந்த கரும்புச் சீனிக்குப் பதிலாக மேப்பிள் பாகை வாங்கச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பது அந்தப் படத்தின் முன் நின்று பேசப்பட்டது. சில கிழமை கழித்துக் கேட்டபோதும் 88 வீதமான பிள்ளைகளுக்கு அது நினைவிருந்தது. மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு படத்தின் முன் நின்று உழைப்பைப் பற்றிப் பேசினால் எவ்வளவு ஆழமாகப் போகும் என்று யோசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பயணத்தைத் தொடர்பு என்று எண்ணிவிட வேண்டாம். பயணத்துக்கு முன் வகுப்பில் இரண்டு பாடவேளை, பயண நாள், பயணத்துக்குப் பின் மூன்று பாடவேளை. இந்த ஆறும் ஒரே மூன்று பொருட்களைச் சுற்றி இருக்க வேண்டும்.

கண்டிவீதி எழுதியது:

நூதனசாலைத் தரப்பிலிருந்து பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பொருட்களைத் தெரிவு செய்ய ஆசிரியர் முன்கூட்டி ஒரு தடவை தனியாக வரவேண்டும். கண்டி நூதனசாலை இருப்பது பல்லே வாஹல என்ற பழைய அரண்மனைக் கட்டடத்தில். 1942 முதல் நூதனசாலையாக இருக்கிறது. அறைகள் சிறியவை, நடைபாதை ஒடுக்கம். 36 பிள்ளைகள் ஒரு கண்ணாடிப் பேழையின் முன் நின்றால் முன்வரிசை 8 பேருக்குத்தான் பொருள் தெரியும், மற்ற 28 பேரும் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆகவே 12 பேராக மூன்று குழு. மூன்று நிலையம், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம், இடம்மாற 5 நிமிடம். மொத்தம் 70 நிமிடம். ஒவ்வொரு குழுவோடும் பெரியவர் ஒருவர் கட்டாயம். மணியடிக்க வேண்டாம், குழுத்தலைவர் கையுயர்த்தினால் போதும்.

கண்டிக்காலக் கைவினை என்றால் சுவடிகளின் மேலட்டை, அரக்கு வேலை, தந்த வேலை, உலோகப் பாத்திரம் போன்றவற்றிலிருந்து தெரியலாம். எது பேழையில் இருக்கிறது, எது பழுதுபார்க்க உள்ளே போயிருக்கிறது என்பது மாறும். இணையத்தில் பார்த்த படத்தை நம்பிப் பாடத்திட்டம் போட்டால் அன்று அந்த இடம் வெறுமையாக இருக்கலாம். எந்தக் கிழமைநாளில் மூடியிருக்கும் என்பதையும் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள்.

உள்ளே பென்சில் மட்டும். 2பி, 4பி இரண்டு போதும். பேனை, பேஸ்டல், வண்ணம், தண்ணீர்ப் போத்தல் எதுவும் கூடத்துக்குள் வரக்கூடாது. பென்சில் சீவுவது வாசலில். பேழையின் கண்ணாடியில் தாளை வைத்து வரைவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு, அதனால் ஏ4 அளவு கிளிப் பலகை பிள்ளைக்கு ஒன்று வேண்டும். தடித்த அட்டையும் துணி உலர்த்தும் கிளிப்பும் இருந்தாலே போதும்.

பிளாஷ் கூடாது, போனில் டோர்ச் அடிப்பதும் கூடாது. சுவடி, துணி, நீர்வண்ணம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வழமையான எல்லை. அறை மங்கலாக இருப்பது அதனால்தான். இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைத்தால் "ஏன் இவ்வளவு இருட்டு" என்ற கேள்வியிலிருந்தே பாடம் தொடங்கும். வெளியிலிருந்து வந்த கண் மங்கலுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தை வாசலில் அமைதியாகக் கொடுங்கள்.

வெண்கட்டி எழுதியது:

மிக்க நன்றி. தமிழ் விளக்கம்தான் பெரிய கவலை. விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் வரும், பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது விளங்காது.

தூரிகைக்காடு எழுதியது:

விளக்கத்தைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டினால் அந்தச் சிக்கலில் பாதி போய்விடும். நியூயோர்க் நவீனகலை நூதனசாலையில் பிலிப் யெனவைன் என்பவரும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் வளர்த்தெடுத்த முறை ஒன்று இருக்கிறது. கேள்வி மூன்றே மூன்று. அவற்றைப் பிள்ளைகளின் பேச்சுத்தமிழில் கேளுங்கள்:

"இதுல என்ன நடக்குது?"
"எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?"
"இன்னும் என்ன தெரியுது?"

இரண்டாவது கேள்விதான் உயிர். பிள்ளை "இவர் ராசா" என்று சொன்னால் "சரி" என்று தலையாட்டாதீர்கள். "எதைப் பார்த்து?" என்று கேளுங்கள். "தலையில கிரீடம் இருக்கு, மத்தவங்களை விடப் பெரிசா வரைஞ்சிருக்கு" என்று வரும். அங்கேதான் உருவ அளவால் முக்கியத்துவம் காட்டும் மரபு பாடமாகிறது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: சொன்ன இடத்தை விரலால் சுட்டிக்காட்டுவது (பேழையைத் தொடாமல்), சொன்னதை அதே பொருளில் மறுபடி சொல்வது.

நம் வகுப்புகளில் இது முதற் தடவை தோற்கும். ஆசிரியர் முகத்தைப் பார்த்து விடை தேடிப் பழகிய பிள்ளைகள் மௌனமாக நிற்பார்கள். அந்த மௌனத்தைப் பத்து விநாடி தாங்குங்கள். ஆசிரியர் தானே பதில் சொல்லிவிட்டால் அன்று முழுக்க வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் கேள்விகளைப் பயணத்துக்கு முந்திய இரண்டு பாடவேளையிலேயே அச்சிட்ட படத்தை வைத்துப் பழக்கிவிட வேண்டும்.

பிறகு பெயர், காலம், பொருள், செய்முறை போன்ற தகவல்களுக்கு ஒரு பொருளுக்கு 60 சொல்லுக்கு மேற்படாத தமிழ்க் குறிப்பை நீங்களே எழுதி, நூதனசாலை அலுவலரிடம் சரிபார்த்து வாங்குங்கள். அடுத்த வருடம் வேறு பாடசாலைக்கும் அது உதவும். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை மூன்று மொழியிலும் இயங்குகிறது. தமிழ்க் கலைச்சொல்லுக்கு அவர்களுடைய வெளியீடுகளைப் பார்ப்பது நல்லது.

பத்தனைக்காரர் எழுதியது:

ஆளில்லாவிட்டால் என்று கேட்டீர்களே டீச்சர். பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஆசிரிய மாணவர்கள் தமிழில் பேசக்கூடியவர்கள், கற்பித்தல் பயிற்சிக்கு அவர்களுக்கும் இடம் தேவை. மூன்று நிலையத்துக்கு மூன்று பேர் கேட்டுக் கடிதம் எழுதிப் பாருங்கள். ஆனால் நேராகக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் ஒத்திகை இல்லாமல் வந்தால் அவர்கள் விரிவுரை செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

பனிமுகில் எழுதியது:

போக்குவரத்து பற்றி. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். காலை 5.30க்குப் புறப்பட்டால் 9 மணிக்குள் நிற்கலாம். பிற்பகல் 2 மணிக்குக் கண்டியை விட்டுவிட வேண்டும். பின்னேரம் பனி இறங்கினால் கடைசி வளைவுகளில் சாரதிக்கு வழி தெரியாது, தோட்டத்துக்குள் நடந்து போகிற பிள்ளைகளுக்கும் இருட்டிவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. மண்சரிவு வந்தால் பயணம் அன்றோடு நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹரா நாட்களில் கண்டி வீதிகள் மூடுவார்கள். பெப்ரவரி, மார்ச்தான் சரியான காலம். அப்படியானால் கடிதம் முந்திய வருடக் கடைசித் தவணையிலேயே போயிருக்க வேண்டும்.

வளைவுப் பாதையில் வாந்தி வராத பயணம் இல்லை. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. விடிய ரொட்டி அரைவாசி, கையில் இஞ்சித் துண்டு, பிள்ளைக்கு ஒரு பொலித்தீன் பை. வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முன் இருக்கையில் வையுங்கள். கூடத்துக்குள் போகுமுன் கழிப்பறைக்கும் முகம் கழுவவும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். இதை ஒதுக்காமல் நேராக உள்ளே கொண்டுபோனால் முதல் நிலையம் வீண்.

ரயில் என்றால் தலைச்சுற்று இல்லை. ஆனால் பிரதான பாதை ரயில்கள் எல்லாம் கண்டிக்குள் போவதில்லை, சில பேராதனைச் சந்தியில் கொழும்புப் பக்கம் திரும்பிவிடும். அங்கிருந்து பஸ். சேவை நடக்கிறதா என்பதை முதல்நாள் கேளுங்கள்.

பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில் செலவை ஒரே தொகையாகப் போடாமல், இரண்டு மாதச் சம்பள நாளுக்குப் பின் இரு தவணையாகக் கட்டலாம் என்று எழுதுங்கள். காசு கட்ட முடியாத பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படக்கூடாது. அதை அபிவிருத்திச் சங்கம் அமைதியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு ஆகக்குறைந்தது ஒரு மாதம் விடுங்கள்.

மண்வண்ணம் எழுதியது:

பயணத்துக்குப் பின் மூன்று பாடவேளை என்றார்கள். அதில் கண்டிக்கால வண்ண முறையைக் கையால் செய்துபார்ப்பது மிகப் பொருத்தம். தெகல்தொருவ விகாரைச் சுவரோவியங்களை இதற்கு எடுக்கலாம். கண்டிக்குப் பக்கம். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பணி. கதை கிடையான பட்டி பட்டியாக நகரும். ஒரே ஆள் ஒரே பட்டியில் திரும்பத் திரும்ப வருவார். பின்னணி சிவப்பு, நிழல் கிடையாது, வெற்றிடங்களில் பூ.

இந்த ஓவியங்கள் ஈரச் சுண்ணத்தில் தீட்டியவை அல்ல. உலர்ந்த தளத்தில் பிசின் கலந்த வண்ணம். ஆகவே பாடசாலையில் செய்யக்கூடிய முறைதான்.

தளம்: 30 × 45 செ.மீ. ஹார்ட்போர்ட் 9 துண்டு, நான்கு பிள்ளைக்கு ஒன்று. சொரசொரப்பான பக்கத்தில் கயோலின் என்ற வெள்ளைக் களியைப் பிசின் நீரில் மோர்ப் பதத்துக்குக் கலக்கி மூன்று தடவை மெல்லிதாகப் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பின் அடுத்தது. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மறுநாள் வயல்வெடிப்பு மாதிரிப் பிளந்து கிடக்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரக்காற்றில் ஒரு பூச்சுக் காய ஒரு முழுநாள் வேண்டும், வெயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். பலகையின் 30 செ.மீ. உயரத்தை நான்காகப் பிரித்தால் பட்டிக்கு 7.5 செ.மீ. பிள்ளைக்கு ஒரு பட்டி, கதை ஒன்று.

பிசின்: பழைய முறையில் விளாம்பிசின். விளாமரம் வறண்ட வலயத்தது, மாத்தளை, தம்புள்ளைப் பக்கம்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கருவேலம் பிசின். ஒரு பங்கு பிசின், இரண்டு பங்கு சுடுநீர், இரவு முழுக்க ஊறவைத்துத் துணியில் வடிக்கவும். இரண்டு கிராம்பு போட்டால் பூஞ்சை தாமதமாகும். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

வண்ணம்: வீதிக்கு வெட்டிய மண்மேட்டில் செம்மண் ஒரு கிலோ. ஐந்து லீற்றர் தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் நிற்கும். மேலே கலங்கிய நீரை அடுத்த வாளிக்கு ஊற்றி ஓர் இரவு விடுங்கள். தெளிநீரை இறுத்துவிட்டு, அடியில் நிற்கிற மென்களியைத் தட்டில் பரப்பிக் காயவைத்து அம்மியில் அரைக்கவும். மஞ்சள் மண்ணும் அப்படியே. கறுப்புக்கு விளக்குக் கரி. அது எண்ணெய்ப்பசையால் தண்ணீரில் மிதக்கும், ஒரு துளி சவர்க்கார நீர் விட்டால் கலக்கும்.

அரைத்த மண்ணும் பிசின்நீரும் ஏறத்தாழச் சரிபாதி. ஒரு கோடு இழுத்துக் காய்ந்ததும் விரலால் தேயுங்கள். தூள் ஒட்டினால் பிசின் போதாது. பளபளத்து வெடித்தால் பிசின் கூடிவிட்டது. சிவப்புப் பின்னணி முதலில், உருவத்தின் நிறம் அடுத்து, கடைசியாக 2ஆம் இலக்கத் தூரிகையால் விளிம்புக்கோடு.

இதை மட்டும் மறக்காதீர்கள்: பழைய ஓவியர்கள் பயன்படுத்திய சாதிலிங்கம் பாதரசச் சேர்மம், அரிதாரம் ஆர்சனிக். "அசல் முறை" என்று சொல்லி இவற்றை நாட்டுமருந்துக் கடையில் வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. மஞ்சளுக்குப் பயன்பட்ட கொக்கட்டுப் பிசினும் வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும். செங்காவியும் மஞ்சட்காவியும் போதும்.

தேயிலைச்சாயம் எழுதியது:

மண்வண்ணம் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. டஸ்ட் தேயிலை 20 கிராமை 200 மி.லீ. தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் நல்ல பழுப்புச் சாயம். துருப்பிடித்த ஆணிகளை ஒரு கிழமை வினாகிரியில் போட்டுவைத்த நீரைத் துளித்துளியாக விட்டால் சாயம் கண்முன்னே கருமையாகும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் வருவது. ஒரே தேயிலையில் பொன்னிறம் முதல் கருமை வரை பத்துத் தொனி எடுக்கலாம், ஒளிநிழல் பாடத்துக்கு இதைவிட மலிவான வண்ணம் இல்லை. இது அமிலம் என்பதால் மெல்லிய தாளைக் காலப்போக்கில் அரிக்கும், வெளிச்சத்தில் மங்கும். டிமைத் தாளின் தடித்த வகையில் செய்யுங்கள். ஹட்டன் பகுதியிலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற இன்றைய ஓவியர்கள் தேயிலையோடு தொடர்புடைய பொருட்களையே கலைக்கு ஊடகமாக எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். வீட்டுச் சமையலறையில் கிடக்கிற பொருள் கலைக்கூடத்துக்குள் போகலாம் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

மாத்தளைவழி எழுதியது:

ஒரு மாற்றுக்கருத்து. கண்டி நூதனசாலை, தெகல்தொருவ என்று நேராகப் போகிறீர்கள். நம் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்து வளர்ந்த கலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். தோட்டத்து மாரியம்மன் கோவில் சுதைச் சிற்பம், காமன் கூத்தின் ஒப்பனை, கிரீடம், தேர்ச்சீலை. இவற்றைக் கலை என்று வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் "கலை வேறெங்கோ இருக்கிறது" என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிவிடுகிறது.

முதல் பாடவேளையில் தோட்டக் கோவில் சுதை ஒன்றை வரையட்டும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடி இராசகோபுரப் படத்தைக் காட்டி, கீழே நிற்கிறவருக்கு மேல்தளத்து உருவம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பிறகு கடலாதெனியவுக்குப் போகலாம். 1344இல் கட்டிய பௌத்த விகாரை, கட்டடக் கலைஞர் கணேசுவராச்சாரி, தென்னிந்திய மரபு. அங்குள்ள கருங்கல் தூணின் முன் நிற்கிற பிள்ளை "இது நம்ம கோவில் தூண் மாதிரி இருக்கே" என்று தானாகச் சொல்லும். அடுத்த கேள்வி உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்: எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க? எது வேற மாதிரி இருக்கு?

பேராதனையிலிருந்து கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க என்ற மூன்று பழைய கோவிலும் ஒரு வட்டத்தில் வரும். லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. எம்பக்கவில் 514 மரச்செதுக்கல் என்று கணக்கு. கூரையின் ஓர் அந்தத்தில் 26 கைமரங்களை ஒரே மர ஆப்பு, மடொல் குருப்பாவ, இணைத்துப் பிடிக்கிறது. அதை அண்ணாந்து பார்த்து வரையச் சொன்னால் ஆரைச் சமச்சீர் பாடம் முடிந்தது.

கண்டிவீதி எழுதியது:

மாத்தளைவழி சொல்வதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். மூன்று கோவிலையும் ஒரே நாளில் பார்ப்பதோடு மட்டும் உடன்பாடில்லை. முதல் கோவிலில் கவனம், இரண்டாவதில் களைப்பு, மூன்றாவதில் ஐஸ்கிறீம். நூதனசாலையும் ஓர் இடமும், அவ்வளவுதான். தூண் வேண்டுமானால் கடலாதெனிய, மரவேலை வேண்டுமானால் எம்பக்க, சுவரோவியம் வேண்டுமானால் தெகல்தொருவ. ஒன்றைத் தெரிந்து, நூதனசாலையின் மூன்று பொருளையும் அதற்கு ஏற்பத் தெரியுங்கள்.

இவை வழிபாட்டிடங்கள். தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடை, வாசலில் காலணி கழற்றுவது, சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காமை எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கடிதத்திலேயே "வழிபாடு இல்லை, வரைதல் மட்டும்" என்று எழுதினால் கடைசி நாள் குழப்பம் வராது. தெகல்தொருவவின் ஓவியக் குகைக்குள் 12 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம், மூச்சின் ஈரமும் சுவரில் உரசும் தோளும் ஓவியத்துக்குக் கேடு.

கண்டியில் கிறிஸ்தவக் கலை பார்க்க வேண்டுமானால் டிரினிட்டிக் கல்லூரித் தேவாலயத்தில் டேவிட் பெயின்டரின் சுவரோவியங்கள் உண்டு. விவிலியக் காட்சிகளை இலங்கைச் சூழலில் தீட்டியிருக்கிறார், சிலுவைக் காட்சிக்குப் பின்னால் கண்டல் காடு. பாடசாலை வளாகம் என்பதால் எழுத்து அனுமதி தேவை.

சாதாரண_தரம் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். பரீட்சைக்கு இதெல்லாம் உதவுமா? பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள்.

தூரிகைக்காடு எழுதியது:

உதவும். சித்திரப் பாடத்தில் கலாரசனைப் பகுதியில் தெகல்தொருவ, கடலாதெனிய, எம்பக்க, 43 குழு (1943இல் தொடங்கிய இலங்கை நவீன ஓவியர் குழு) எல்லாம் வருபவைதான். மனப்பாடக் குறிப்பில் "தட்டையான வண்ணம், தொடர்கதை முறை" என்று இருக்கிறதே, அதைச் சொந்தக் கையால் 7.5 செ.மீ. பட்டியில் செய்த பிள்ளைக்கு அந்த வரி மறக்காது. பொருட்கூட்டம் வரைகிற வினாத்தாளுக்கும் கூடத்தில் நின்று வரைந்த பழக்கம் பயன்படும். ஆனால் பெற்றோரிடம் புள்ளி கூடும் என்று உறுதி கொடுக்காதீர்கள். பிள்ளை பார்க்கவும் பேசவும் காரணம் சொல்லவும் பழகும் என்று சொல்லுங்கள், அதுவே உண்மை.

பனிமுகில் எழுதியது:

பயணம் இல்லாத மாதங்களுக்குப் பெட்டி. நூதனசாலை பாடசாலைக்கு இரவல் கொடுக்கிற பெட்டி என்ற முறை பல நாடுகளில் உண்டு. அசல் பொருள் எதுவும் அதில் வேண்டாம். உள்ளே என்ன: ஏ2 அளவு படம் 6, அதே படங்கள் ஏ4 அளவில் 18 பிரதி (இரண்டு பிள்ளைக்கு ஒன்று), செங்காவி, மஞ்சட்காவி, கயோலின், கரி நான்கும் சிறு போத்தலில், பிசின் துண்டு, தும்பரப் பாய் மாதிரி ஒரு சாண், ஹப்புவிட அரக்கு வேலைச் சிறு பொருள் ஒன்று, தமிழ்க் குறிப்பு அட்டைகள், என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் மூடியின் உட்புறத்தில்.

அச்சில்தான் பிழை நடக்கும். ஏ2க்கு அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் படம் 2480 × 3508 அளவு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மினுக்கத் தாளில் அச்சிட்டால் பின்வாங்குப் பிள்ளைக்கு யன்னல் வெளிச்சம்தான் தெரியும், மங்கல் முகப்புத் தாளே சரி. நம் ஈரக்காற்றில் லெமினேட் செய்த படம் ஓரத்தில் திறந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டினால் வளையாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு மாதம் ஒருதடவை மாற்றுங்கள்.

படத்துக்கு அனுமதி எழுத்தில் வேண்டும். யாரோ இணையத்தில் போட்ட படத்தை எடுத்து அச்சிட்டால் நிறமும் பிழையாக இருக்கும், உரிமையும் பிழை.

மாத்தளைவழி எழுதியது:

பெட்டிக்குப் படம் தெரியும்போது லண்டன் தேசியக் கலைக்கூடம் செய்வதையும் பாருங்கள். 1995 முதல் வருடத்துக்கு ஒரே ஒரு ஓவியத்தை எடுத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஓர் ஓவியத்தை வைத்து எல்லாப் பாடத்திலும் வேலை நடக்கிறது, பிள்ளைகள் செய்ததில் ஒரு தெரிவை அங்கேயே காட்சிக்கும் வைக்கிறார்கள். நாமும் முதற் தவணைக்கு ஒரு படம் போதும்.

கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை பழைய லயன் அறையிலேயே இருக்கிறது. நுண்கலைக் கூடம் அல்ல, ஆனால் கூடை, கவ்வாத்துக் கத்தி, வீட்டுச் சாமான் எல்லாம் பொருட்கூட்டம் வரைய அருமையானவை. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் பழைய இயந்திரங்கள் உண்டு, 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம். தூரதரிசனமும் (தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரிவதை வரைவது) நீள்வட்டமும் பழக அங்கே ஓர் உருளை இயந்திரம் போதும்.

வெண்கட்டி எழுதியது:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது, இந்த இரண்டும் மிச்சம்.

கண்டிவீதி எழுதியது:

கடிதம் ஒரு பக்கம், சிங்களத்திலும் தமிழிலும். அதிபரின் கையொப்பம், பாடசாலை முத்திரை. "மாணவர்கள் பயன்பெற ஒத்துழைக்குமாறு" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துவிடும். தரம், எண்ணிக்கை, விரும்பும் இரண்டு திகதி, பார்க்க விரும்பும் மூன்று பொருள், 70 நிமிட ஒழுங்கு, பென்சில் மட்டும் என்ற உறுதி, படம் அச்சிட அனுமதி கோரல், மாணவர் நுழைவுச் சலுகை கோரல் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியில் ஒரு வேண்டுகோள்: மூன்றாம் தவணையில் நூதனசாலை அலுவலர் ஒருவர் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளின் வேலையைப் பார்க்க வேண்டும். இந்தத் திரும்பி வருகைதான் தொடர்பைத் தொடர்பாக்குகிறது. தூரத்தால் முடியாவிட்டால், பிள்ளைகளின் படங்களைப் பார்த்து அவர் பேசிய மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்பினாலும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் ஆளின் பெயரோடு பதவியையும் எழுதுங்கள். ஆசிரியர் இடமாற்றம், அலுவலர் இடமாற்றம் இரண்டும் வரும். பெரும்பாலான தொடர்புகள் செத்துப்போவது அங்கேதான். பாடசாலையில் இரண்டாவது ஆசிரியர் ஒருவருக்கும் கோப்பின் பிரதி இருக்க வேண்டும்.

தூரிகைக்காடு எழுதியது:

பலன் அறிய வினாக்கொத்து வேண்டாம், "பயணம் நன்றாக இருந்ததா" என்றால் எல்லாரும் ஆம் என்பார்கள். பயணத்துக்கு முன் பிள்ளைகள் அறியாத ஓர் ஓவியத்தின் அச்சைக் கொடுத்துப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஆறு கிழமை கழித்து அதே தரத்து இன்னோர் ஓவியம். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் போன்ற 43 குழு ஓவியர்களின் படங்கள் இரண்டு எடுக்கலாம். கீற் கண்டியில் பிறந்தவர். இரண்டு எழுத்திலும் மூன்றை மட்டும் எண்ணுங்கள்: கண்ணால் கண்டதாகச் சொன்ன விவரம் எத்தனை, "ஏனென்றால்" என்று காரணம் சொன்ன இடம் எத்தனை, "இப்படியும் இருக்கலாம்" என்று மாற்றுக்கருத்து வைத்த இடம் எத்தனை. எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை போடாதீர்கள். எழுதச் சிரமப்படுகிற பிள்ளையைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். சித்திரத்தில் சிறந்த பிள்ளைகள் சிலர் எழுத்தில் பின்தங்கியவர்கள்.

வெண்கட்டி எழுதியது:

அப்படியானால் இப்படித் தீர்மானிக்கிறோம். இந்தத் தவணை முடியுமுன் கடிதம். முதற் தவணையில் தோட்டக் கோவில் சுதையோடு இரண்டு பாடவேளை, மார்ச்சில் நூதனசாலையும் தெகல்தொருவவும், 36 பேர் மூன்று குழுவாக. பிறகு 9 பலகை. பலகைகளை மூன்றாம் தவணையில் மண்டபத்தில் வைத்துப் பெற்றோரை அழைக்கலாம் என்று நினைக்கிறோம். எத்தனை மணிக்கு வைப்பது நல்லது?

பத்தனைக்காரர் எழுதியது:

கிழமைநாளில் வைத்தால் கொழுந்துக்குப் போகிற தாய்மார் யாரும் வர முடியாது டீச்சர். ஞாயிறு காலை 10 மணி. பலகைகளைப் பெரியவர் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 130 செ.மீ.யில் மாட்டுங்கள், தம்பி தங்கைகளும் பார்க்கட்டும். ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் அதைச் செய்த நான்கு பிள்ளைகளும் நிற்கட்டும். வருகிறவர்களிடம் அந்த மூன்று கேள்வியையும் பிள்ளைகளே கேட்கட்டும்.